சந்தையை விட்டுவிடலாமா, கட்டிப்போடலாமா? அடிக்கடி வரும் கேள்விகள்

சந்தை, அரசுக் கட்டுப்பாடு என்று பேச்சை எடுத்தாலே பாதிப் பேர் "எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பார்கள். மீதிப் பேர் "அரசு கை வைத்தாலே நாசம்" என்பார்கள். இரண்டு தரப்பும் வரலாற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிடும், தனக்குத் தோதான பாதியை மட்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் தொழில் தொடங்கலாம், எவ்வளவு செய்யலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று அரசு உட்கார்ந்து தீர்மானித்த இடங்களில் பெரும்பாலும் கெடுதல்தான் மிஞ்சியது. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை அரசு தடுத்த இடங்களில் பெரும்பாலும் உயிர் பிழைத்தது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்துப் பேசுவதால்தான் விவாதம் நகர மாட்டேன் என்கிறது.

முழுக்க முழுக்கத் தடையற்ற சந்தை எங்காவது இருந்திருக்கிறதா?

இல்லை. ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட நீதிமன்றம், எடைக்கல் சரியா என்று பார்க்க ஆள், இந்த நிலம் இன்னாருடையது என்று சொல்லப் பத்திரப் பதிவு, இதெல்லாம் இல்லாமல் பெரிய சந்தை எதுவும் ஓடியதில்லை. உலகின் மிகச் சுதந்திரமான பொருளாதாரம் என்று பல ஆண்டுகள் பட்டியல்களில் முதலிடம் பிடித்த ஹாங்காங்கையே பாருங்கள். அங்கே நிலம் அநேகமாக முழுவதும் அரசுக்குச் சொந்தம், குத்தகைக்குத்தான் விடுவார்கள். மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அரசின் உதவியில் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள்.

எதிர்முனையிலும் இதே கதை. சோவியத் ஒன்றியத்தில் கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு வீட்டை ஒட்டிச் சொந்தமாகப் பயிரிட விட்டுவைத்த துண்டு நிலங்கள் மொத்த விளைநிலத்தில் சில சதவீதம்தான். நாட்டின் வேளாண் உற்பத்தியில் சுமார் கால் பங்கு அங்கிருந்து வந்தது.

ஆடம் ஸ்மித் எல்லாவற்றையும் சந்தையிடம் விடச் சொன்னாரே?

சொல்லவில்லை. 1776-இல் வந்த அவருடைய பெரிய நூலில் புகழ்பெற்ற அந்த 'கண்ணுக்குத் தெரியாத கை' ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதே நூலில், ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு கடைசியில் பொதுமக்களுக்கு எதிரான சதியில்தான் போய் முடியும் என்கிறார். வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார். வங்கிகள் சின்னத் தொகைக்குக் காகிதப் பணம் அச்சடிப்பதைத் தடுக்கும் சட்டத்தை, தீ பரவாமல் இருக்க வீடுகளுக்கு நடுவே சுவர் எழுப்பச் சொல்லும் சட்டத்தோடு ஒப்பிட்டு ஆதரித்தார். வணிகர்கள் கொண்டுவரும் சட்ட யோசனை எதுவாக இருந்தாலும் நீண்ட நாள் சந்தேகத்தோடு அலசிப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்கள் பலர் இந்தப் பக்கங்களுக்கு வருவதே இல்லை.

ஆலைகளிலிருந்து குழந்தைகளை மீட்டது சட்டமா, பொருளாதார வளர்ச்சியா?

இரண்டும்தான். ஆனால் சட்டம் எப்படி வேலை செய்தது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

பிரிட்டனில் 1802-லும் 1819-லும் பஞ்சாலைக் குழந்தைகளுக்காகச் சட்டங்கள் வந்தன. ஏட்டளவில் நல்ல சட்டங்கள்தான். அமலாக்க ஆள் கிடையாது. உள்ளூர் மாஜிஸ்திரேட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். அந்த மாஜிஸ்திரேட் பல ஊர்களில் ஆலை முதலாளிக்கு வேண்டப்பட்டவராக இருந்தார். 1833 சட்டம்தான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கும் அரசு ஆய்வாளர்களை நியமித்தது. நாடு முழுவதற்கும் நான்கே பேர். ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை (பட்டு ஆலைகள் நீங்கலாக) ஜவுளி ஆலைகளில் சேர்க்கக் கூடாது, பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது.

சரி, ஒன்பது வயது என்று எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் பிறப்பைப் பதியும் அரசு ஏற்பாடே 1837-இல்தான் வந்தது. அதனால் மருத்துவர் ஒருவர் குழந்தையைப் பார்த்து, "ஒன்பது வயதுக்குரிய வளர்த்தி இருக்கிறது" என்று சான்று எழுதிக் கொடுப்பார். சற்று உயரமான ஏழு வயதுக் குழந்தையின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் கடிகாரம். ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னே தள்ளி, மாலையில் பின்னே இழுத்து வைக்கும் வழக்கம் இருந்ததாகத் தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள். 1844-இல் வந்த திருத்தம், ஆலையின் வேலை நேரத்தைப் பக்கத்து ரயில் நிலையக் கடிகாரம் மாதிரியான ஒரு பொதுக் கடிகாரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்றது. முதலாளி சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்க, ஆய்வாளர் அதை அடைக்க, முதலாளி அடுத்த ஓட்டையைத் தேட, இப்படித்தான் ஒரு தலைமுறையே போயிற்று.

எதிர்வாதமும் பலமாகத்தான் இருந்தது. 1837-இல் நாசோ சீனியர் என்ற பொருளாதார அறிஞர், ஆலையின் நிகர லாபம் முழுவதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வருகிறது, அதை வெட்டினால் தொழிலே படுத்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1847-இல் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. பிரிட்டனின் பஞ்சாலைத் தொழில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உலகிலேயே பெரிதாக இருந்தது.

வளர்ச்சியின் பங்கையும் மறைக்கக் கூடாது. அப்பாவின் கூலி உயராத வீட்டில் பிள்ளை வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கூலி உயர்ந்ததும் இயந்திரங்கள் மாறியதும் சட்டத்துக்குத் துணை நின்றன. சட்டம் மட்டும் தனியாக வந்திருந்தால் 1802-இன் கதிதான் அதற்கும்.

பஞ்சம் வந்தால் தானியச் சந்தையை அதன் போக்கில் விடுவது சரியா?

இதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சத்தைத் தமிழில் தாது வருடப் பஞ்சம் என்கிறோம். சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணமும் நொறுங்கிப்போயின. இறந்தவர்கள் குறைந்தது ஐம்பது லட்சம்.

அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அவர் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை அரசு செலவில் வரவழைத்தார். சாவு மிகக் குறைவு. பாராட்டுக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது, அரசுப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்ற ஏச்சு. மூன்று ஆண்டு கழித்து வைஸ்ராய் லிட்டன் அவரையே தெற்கே அனுப்பினார். தானிய வணிகத்தில் தலையிடக் கூடாது, விலையைக் குறைக்க முயலக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. இந்த முறை டெம்பிள் பாடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே ஓரணா. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இதை வைத்து வேலை செய்கிற உடம்பு தாங்காது என்று அரசோடு மல்லுக்கு நின்றார். சில மாதங்களில் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் முகாம்களில் போனவர்கள் போய்விட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

சந்தையை நம்பியவர்கள் சொன்னது இது: விலை ஏறினால் வணிகர் தானியம் கொண்டுவருவார். பசித்தவர் கையில் காசு இருந்தால் அது உண்மை. அந்த ஆண்டு விளைச்சல் போனதோடு கூலி வேலையும் போயிற்று. காசில்லாதவரின் பசி எந்த வணிகரின் கணக்கிலும் ஏறாது. அயர்லாந்தில் 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திலும் கிட்டத்தட்ட இதே வாதம், இதே முடிவு. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் ஊரைவிட்டுப் போனார்கள்.

இதிலிருந்து "தானிய வணிகத்தையே தடை செய்" என்று தாவிவிடக் கூடாது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு முன் ஒவ்வொரு மாகாணமும் தன் தானியம் வெளியே போகாமல் தடுப்புப் போட்டது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பஞ்சத்தில் அரசு செய்ய வேண்டிய முதல் வேலை, மக்கள் கையில் வாங்கும் சக்தியைக் கொடுப்பது. டெம்பிள் காலத்துச் சாவுகளுக்குப் பிறகு 1880-களில் எழுதப்பட்ட பஞ்ச விதிகள் ஓரளவு அந்த வழியில்தான் போயின.

அப்படியென்றால் உணவை அரசே விளைவித்து அரசே பங்கிட்டால் என்ன?

சீனா 1958-இல் அதைச் செய்தது. நிலம் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணைக்கு, சமையல் பொதுச் சமையலறையில், விளைச்சல் கணக்கு மேலே. மேலதிகாரிக்குப் பயந்து ஒவ்வொரு படியிலும் விளைச்சலைக் கூட்டிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. 1961-க்குள் கோடிக்கணக்கில் மக்கள் செத்தார்கள்; வரலாற்றில் இதைவிடப் பெரிய பஞ்சம் பதிவில் இல்லை. சோவியத் ஆட்சியில் உக்ரைனில் 1932-33-இல் நடந்ததும் இதே வகைதான்.

சீனப் பஞ்சத்தில் மோசமாக அடிவாங்கிய அன்ஹுய் மாகாணத்தில் ஷியாவ்காங் என்று ஒரு கிராமம். 1978-இல் அங்கே பதினெட்டு விவசாயிகள் இரவோடு இரவாக ஒரு தாளில் கையெழுத்து வைத்தார்கள். கூட்டு நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரித்துக்கொள்வது, அரசுப் பங்கு போக மீதி அவரவருக்கு. மாட்டினால் சிறை என்று அவர்களுக்குத் தெரியும். சிறைக்குப் போகிறவரின் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. அடுத்த அறுவடை பல மடங்கு. டெங் சியாவ்பிங் தரப்பு அதைத் தண்டிக்காமல் நாடு முழுக்கப் பரவவிட்டது. 1990 வாக்கில் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடிய வறுமையில் இருந்தார்கள். 2019 வாக்கில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தில் பெரும்பங்கு சீனாவுடையது.

லிட்டனின் இந்தியாவையும் மாவோவின் சீனாவையும் அடுத்தடுத்து வைத்தால், ஒன்று சந்தையின் பெயரால், மற்றது அரசின் பெயரால். இரண்டு இடத்திலும் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆட்சியாளரை மாற்றும் வழி இல்லை, உண்மையை அச்சிடத் துணிந்த பத்திரிகைக்குப் பலமும் இல்லை. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் இயங்கும் நாட்டில் பெரிய பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொன்னது இந்த இடத்தில்தான் பொருந்துகிறது.

விலைக்கு உச்சவரம்பு வைத்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே?

ஓரிரு மாதம். அதற்கு மேல் பொருள் மறையத் தொடங்கும். ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் கி.பி. 301-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கு விலை நிர்ணயித்து, மீறினால் மரண தண்டனை என்றார். சரக்கு சந்தைக்கு வருவது நின்று, ஆணை கைவிடப்பட்டது. 1971-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் விலையையும் கூலியையும் முடக்கினார். 1973-இல் தீவன விலை ஏறிக்கொண்டே போக, கோழி விலை மட்டும் அசையக் கூடாது என்றதும், பண்ணைக்காரர்கள் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் நீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். வளர்த்தால்தான் நஷ்டம். 1948 ஜூனில் மேற்கு ஜெர்மனியில் நாணயச் சீர்திருத்தத்தோடு பொருளாதார நிர்வாகத் தலைவர் லுட்விக் எர்ஹார்ட் பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளை நீக்கினார். காலியாகக் கிடந்த கடைகளில் சில நாளில் சரக்கு வந்தது. அதுவரை எங்கே இருந்தது என்று கேட்டால் பதுக்கலில்தான்.

விதிவிலக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விலையைக் கட்டியதோடு கூப்பனும் கொடுத்தது. ஆளுக்கு இவ்வளவுதான், பணக்காரருக்கும் அதேதான். போர் என்பதால் மக்கள் பொறுத்தார்கள். சமாதான காலத்தில் அந்தப் பொறுமை வராது.

கெட்ட மருந்து விற்பவரின் பெயர் தானாகக் கெட்டுப்போகுமே, முன் அனுமதி எதற்கு?

பெயர் கெடும். எத்தனை பேர் செத்த பிறகு என்பதுதான் கேள்வி.

1937, அமெரிக்கா. சல்ஃபனிலமைடு அப்போது உண்மையிலேயே நல்ல மருந்து, தொண்டைத் தொற்றை நன்றாகக் குணமாக்கியது. மாத்திரையாக இருந்ததைக் குழந்தைகளுக்காகத் திரவமாக்க நினைத்தது ஒரு நிறுவனம். அதன் வேதியியலாளர் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவத்தில் கரைத்தார், ராஸ்பெரி வாசனை சேர்த்தார். ருசி, நிறம், மணம் எல்லாம் சோதித்தார்கள். விஷமா என்று மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அரசின் உணவு, மருந்து ஆய்வாளர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் ஒவ்வொரு பாட்டிலாகத் தேடி ஓடினார்கள். அவர்கள் எந்தச் சட்டத்தில் பறிமுதல் செய்தார்கள் தெரியுமா? லேபிளில் 'எலிக்சர்' என்று இருந்தது. அந்தப் பெயர் இருந்தால் உள்ளே ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. தவறான லேபிள், அவ்வளவுதான் குற்றம். 'கரைசல்' என்று பெயர் வைத்திருந்தால் தொட்டிருக்க முடியாது. நிறுவன உரிமையாளர் தன் மீது பொறுப்பு இல்லை என்றார். வேதியியலாளர் தற்கொலை செய்துகொண்டார். 1938-இல் புதுச் சட்டம் வந்தது: விற்பதற்கு முன் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும்.

தாமதத்துக்கும் விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1988 அக்டோபரில் எய்ட்ஸ் நோயாளிகள் அதே அமெரிக்க மருந்து அமைப்பின் தலைமையகத்தைச் சூழ்ந்து போராடினார்கள். நீங்கள் கோப்பைப் புரட்டும் நேரத்தில் நாங்கள் சாகிறோம் என்பதே அவர்கள் வாதம். நியாயமான வாதம். 1992-இல் உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு விரைவு அனுமதி முறை வந்தது.

இன்னொன்று. 2022-இல் காம்பியாவில் இருமல் மருந்து குடித்துச் சுமார் எழுபது குழந்தைகள் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துகளில் கண்டதும் இதே டைஎத்திலீன் கிளைக்கால்தான், 85 ஆண்டு கழித்து. மருந்து தயாரான இந்தியாவில் சட்டம் இல்லாமலா இருந்தது? புத்தகம் நிறைய இருந்தது.

கட்டுப்பாட்டை நீக்கி நன்மை விளைந்த உதாரணம் உண்டா?

எனக்குப் பிடித்தது அமெரிக்க விமானத் துறை. 1938 முதல் ஒரு வாரியம்தான் எந்த நிறுவனம் எந்த வழியில் பறக்கலாம், டிக்கெட் எவ்வளவு என்று தீர்மானித்தது. நாற்பது ஆண்டுகளில் நாடு தழுவிய புதிய நிறுவனம் ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. விலையில் போட்டி போட முடியாததால் சாப்பாட்டில் போட்டி போட்டார்கள். ஒரு நிறுவனம் விமானத்துக்குள் பியானோவே வைத்தது. ஒரே மாநிலத்துக்குள் பறக்கும் நிறுவனங்கள் மட்டும் வாரியத்தின் பிடியில் இல்லை. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அவற்றின் கட்டணம் அதே தொலைவுக்கான மற்ற இடங்களில் இருந்ததில் ஏறக்குறையப் பாதி. கண்ணுக்கு முன் இப்படி ஓர் ஒப்பீடு கிடைத்த பிறகு வாதம் செய்ய என்ன இருக்கிறது? 1978-இல் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். இந்தச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனவர்களில் செனட்டர் டெட் கென்னடி மாதிரியான இடதுசாய்வுத் தாராளவாதிகள் முன்வரிசையில் இருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். வாரியம் 1985 தொடக்கத்தில் இழுத்து மூடப்பட்டது.

பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் அடுத்த பத்தாண்டுகளில் கட்டணம் வெகுவாக இறங்கியது. பழைய நிறுவனங்கள் பல மூழ்கின, சிறு ஊர்களுக்குப் பறக்க மானியம் தேவைப்பட்டது, இணைப்புகளுக்குப் பிறகு இன்று நான்கு நிறுவனங்கள் கையில்தான் சந்தையின் பெரும்பகுதி. கால் நீட்ட இடமில்லை என்ற புகாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முக்கியமான விஷயம், பாதுகாப்பு விதிகளை யாரும் தொடவில்லை. விமானியின் பயிற்சி, இறக்கையின் விரிசல், பராமரிப்புப் பதிவேடு, இவற்றைப் பார்க்கும் அமைப்பு அப்படியே இருந்தது. விபத்து விகிதம் தொடர்ந்து குறைந்தது. விலையைத் திறந்துவிடு, போல்ட்டை விடாமல் பார்.

லைசென்ஸ் ராஜ் இந்தியாவில் அவ்வளவு கட்டுப்பாடு இருந்ததே, மக்கள் பாதுகாப்பாக இருந்தார்களா?

மேலே சொன்னதற்கு நேர்த் தலைகீழ். 1951 தொழில் சட்டத்தின்படி தொழிற்சாலை தொடங்க உரிமம், விரிவாக்க உரிமம், புதுப் பொருள் செய்ய உரிமம். அனுமதித்த அளவைவிடக் கூடுதலாக உற்பத்தி செய்வது குற்றம். ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டுப் பத்து வருடம்வரை காத்திருந்த குடும்பங்கள் உண்டு. தொலைபேசிக்கும் அப்படித்தான்.

அதே ஆட்சிமுறையின் கண் எதிரே போபாலில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய விஷம் டன் கணக்கில் தொட்டிகளில் இருந்தது. அந்த ஆலைக்கும் உரிமம் உண்டு, எத்தனை டன் பூச்சிமருந்து செய்யலாம் என்ற வரம்பும் உண்டு. 1981-லேயே விஷவாயுவால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982 முதல் எச்சரித்து எழுதிக்கொண்டே இருந்தார். 1984 டிசம்பர் 2 இரவு சுமார் நாற்பது டன் வாயு கசிந்தபோது, குளிரூட்டும் கருவி மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரம் குழாய் மாற்றுவதற்காகக் கழற்றிக் கிடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். ஒரு ஸ்கூட்டர் கூடுதலாகச் செய்தால் கேள்வி கேட்கும் அரசுக்கு, குளிரூட்டி ஏன் ஓடவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு பதினெட்டுத் தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமத்தை எடுத்தது. எடுக்க வேண்டியதுதான். பாதுகாப்பைச் சோதிக்கும் பக்கம் அதே வேகத்தில் பலப்படவில்லை என்பதே என் குறை.

பெருநிறுவனங்கள் எல்லாக் கட்டுப்பாட்டையும் எதிர்ப்பவைதானே?

தங்களுக்கு எதிரானதை மட்டும். போட்டியாளரைத் தடுக்கும் விதியை அவர்களே கேட்டு வாங்குவார்கள். 1815 முதல் 1846 வரை பிரிட்டனில் இருந்த தானியச் சட்டம் வெளிநாட்டுக் கோதுமையைத் தடுத்து நிலச்சுவான்தார்களைக் காத்தது. ரொட்டி வாங்கும் தொழிலாளி அதற்கு விலை கொடுத்தார். நியூயார்க்கில் 1937-இல் டாக்ஸி உரிமத்துக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தார்கள். 2014 வாக்கில் ஓர் உரிமம் பத்து லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. பிறகு செயலி வழி வாடகைக் கார்கள் வந்து விலை சரிந்ததில், கடன் வாங்கி உரிமம் வாங்கிய ஓட்டுநர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒழுங்குபடுத்த வந்த அமைப்பே தொழிலின் கைக்குள் போய்விடுவதை பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1971-இல் ஆராய்ந்து எழுதினார். ஆனால் ஆடம் ஸ்மித் இதை ஏற்கெனவே மோப்பம் பிடித்திருந்தார்.

2008 நிதி நெருக்கடி சந்தையின் தோல்வியா, அரசின் தோல்வியா?

இரு தரப்பும் தனக்கு வேண்டிய ஆதாரத்தை இதில் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் 2000-இல் வந்த சட்டம் பல வகை நிதிப் பந்தயங்களைக் கண்காணிப்புக்கு வெளியே வைத்தது. கடன் பத்திரத்துக்குத் தரச் சான்று கொடுக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்பதே அந்தப் பத்திரத்தை வெளியிடுபவர். மறுபக்கம், அரசின் ஆதரவு உண்டு என்ற நம்பிக்கையில் இரண்டு மாபெரும் வீட்டுக்கடன் நிறுவனங்கள் மிதமிஞ்சிக் கடன் வைத்திருந்தன. என் பார்வையில் கோளாறின் மையம் வேறு: லாபம் வந்தால் அவர்களுக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு. செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது, மறுநாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். நஷ்டத்தை ஏற்காத சந்தை எனக்குத் தெரிந்து சந்தையே இல்லை.

கட்டுப்பாட்டை ஒரே நாளில் நீக்கினால்?

1990-களின் ரஷ்யாவைப் பாருங்கள். 1992-இல் விலைகளைத் திறந்தார்கள், அரசுச் சொத்துகளை அவசர அவசரமாக விற்றார்கள், 1995-இல் எண்ணெய், உலோக நிறுவனங்கள் சில செல்வந்தர்களுக்கு அடிமாட்டு விலைக்குப் போயின. ஒப்பந்தத்தைக் காக்க நம்பகமான நீதிமன்றம் அப்போது இல்லை. ஆண்களின் சராசரி ஆயுள் 1990-இல் சுமார் 64. 1994-இல் 58-க்கும் கீழே போய்விட்டது.

மாசு விஷயத்தில் சந்தைக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?

இருக்கிறது, எல்லையை அரசு வகுத்த பிறகு. 1920-களில் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். அது விஷம் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். பெட்ரோல் போடுபவருக்கு இன்ஜின் சத்தம் குறைந்தது, ஈயம் போனது தெருக் குழந்தையின் ரத்தத்தில். குழந்தை அந்த விற்பனையில் ஒரு தரப்பே இல்லை. அதனால் எத்தனை போட்டி இருந்தாலும் சந்தை இதைத் தானாகத் திருத்தியிருக்காது. 1970-களில் அமெரிக்க அரசு அளவைக் குறைக்கத் தொடங்கியது. 1980-களில், விரைவாக ஈயத்தைக் குறைத்த சுத்திகரிப்பு ஆலை மிச்சமான அனுமதியை மெதுவாகப் போகும் ஆலைக்கு விற்கலாம் என்று விட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. 1990-க்குப் பிறகு அமில மழைக்குக் காரணமான கந்தக வாயுவுக்கும் இதே வழி. உலகில் கடைசியாகக் கார்களுக்கு ஈய பெட்ரோல் விற்றது அல்ஜீரியா, 2021 ஜூலை வரை.

நீங்கள் இடதா, வலதா?

மருந்து வாங்கும்போது இடது, விமான டிக்கெட் வாங்கும்போது வலது.

இணையப் பெருநிறுவனங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

அமெரிக்கத் தொலைபேசியின் கதை நன்றாகவே பொருந்தும். ஏடி அண்ட் டி நாட்டின் தொலைபேசியை அநேகமாக முழுவதும் கையில் வைத்திருந்த காலத்தில், பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல் இருக்க ஒலிவாங்கி மேல் மாட்டும் 'ஹஷ்-எ-போன்' என்ற சின்னக் கிண்ணத்தை ஒருவர் விற்றார். வெளியார் பொருளை மாட்டினால் நெட்வொர்க் கெட்டுவிடும் என்றது ஏடி அண்ட் டி. தகவல் தொடர்பு ஆணையம், அதாவது மக்களுக்காகக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு, நிறுவனத்தின் பக்கம் நின்றது! 1956-இல் நீதிமன்றம்தான் அதைத் தூக்கியெறிந்தது. 1968-இல் ஆணையமே மனம் மாறி, நெட்வொர்க்குக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்றது. பதில் பேசும் கருவி, ஃபேக்ஸ், வீட்டு மோடம் எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தன. 1984-இல் நிறுவனத்தைப் பிரித்த பிறகு தொலைதூர அழைப்புக் கட்டணம் மளமளவென்று இறங்கியது.

விலையை நிர்ணயிக்காமல், வாசலை அடைக்காதே என்று மட்டும் சொன்ன விதி அது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறைவேற்றி 2024 மார்ச் முதல் பெரிய தளங்கள் மீது அமலாக்கும் டிஜிட்டல் சந்தைச் சட்டமும் அதே வழியில் போகப் பார்க்கிறது: உன் கருவியில் வேறொருவரின் செயலிக் கடையை அனுமதி, உன் தளத்தில் உன் பொருளையே முதலில் காட்டாதே. ஆனால் 2018-இல் அமலுக்கு வந்த அவர்களுடைய தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி. அதன் படிவங்களை நிரப்பப் பெரிய நிறுவனத்தில் தனிப் பிரிவே உண்டு, நான்கு பேர் நடத்தும் நிறுவனத்தில் அந்த நால்வரே நிரப்ப வேண்டும். நோக்கம் நல்லதுதான், சுமை யார் தலையில் அதிகம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இனி ஒரு தளத்தின் தலைவரே வந்து எங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்று கேட்டால், அவர் நீட்டும் வரைவில் சிறிய போட்டியாளரால் கட்ட முடியாத செலவு எந்தப் பத்தியில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.